கூட்டவா, விடவா

சூட்கேசுக்குள்ளை விளக்குமாறு வைச்சுக்கொண்டு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஆள் உலகத்திலை நான் ஒருத்தியாத்தான் இருப்பன். என்ரை மனிசன் அதைக் கண்டிட்டுத் தலையிலை கை வைச்சார்.

"உனக்கென்ன விசரே? அங்கை அவங்கள் மிசினாலை கூட்டுவாங்கள். விளக்குமாத்தோடை ஆரும் பிளேன் ஏறுவினமே?"

"மிசின் கூட்டுற வடிவு எனக்குத் தெரியும். மூலை முடக்கெல்லாம் அப்பிடியே கிடக்கும்" எண்டு சொல்லிப்போட்டு, ஈர்க்கை இறுக்கிக் கட்டி, பழைய சீலைத்துண்டாலை சுத்தி, உடுப்புகளுக்கு நடுவிலை வைச்சு மூடினன். வெளிக்கிடேக்கை படலையிலை நிண்டு இன்னொண்டும் சொன்னன்: "நான் போய்ச் சேந்திட்டன் எண்டு போன் வருமட்டும் முத்தம் வாசலைக் கூட்டிப்போடாதேங்கோ."

ஒரு ஆள் பயணம் வெளிக்கிட்ட கையோடை வீடு வாசல் கூட்டக்கூடாது. எங்கடை ஊரிலை அது சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். கூட்டினால் போன ஆளின்ரை காலடியையும் சேத்துத் தள்ளினதாப் போயிடும். பேந்து அந்த ஆள் சுகமாப் போய்ச் சேருறதும் சந்தேகம், திரும்பி வாறதும் சந்தேகம்.

"வீட்டிலை இருந்த ஒரு விளக்குமாத்தையும் நீ கொண்டு போறாய். நான் என்னத்தாலை கூட்டுறது?" எண்டார் மனிசன். அழுதுகொண்டு நிண்ட எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

நான் போனது பாலைவனத்துக்கு நடுவிலை கிடந்த ஒரு வெளிநாட்டு ஆமிக்காம்புக்கு. எந்த நாடு, எந்தக் கொம்பனி எண்டெல்லாம் கேக்காதேங்கோ. வெளியிலை கதைக்கக்கூடாது எண்டு கையெழுத்து வாங்கிப்போட்டுத்தான் உள்ளுக்கை விட்டவங்கள். எனக்குத் துப்பரவு வேலை. ஆமிக்காரர் படுக்கிற பெட்டியள், குளிக்கிற அறையள், கக்கூசுகள், அதுகளைச் சுத்தியிருக்கிற நிலம். பெட்டி எண்டால் உண்மையிலை பெட்டிதான். கப்பலிலை சாமான் வாற இரும்புப் பெட்டிக்கு யன்னலும் ஏசியும் பூட்டி, வரிசை வரிசையா அடுக்கி வைச்சிருப்பாங்கள். எங்களுக்கும் அப்பிடித்தான், ஆனால் ஏசி எங்கடையிலை இருமிக்கொண்டுதான் ஓடும்.

ஆமிக்காம்பு எண்டதும் ஊரிலை கனபேர் பயப்பிட்டினம். நான் ஏன் பயப்பிட வேணும்? யாழ்ப்பாணத்திலை வளந்தவளுக்குக் காம்பு என்ன புதிசே? பள்ளிக்கூடம் போறதெண்டாலும் கோயிலுக்குப் போறதெண்டாலும் ஏதோ ஒரு காம்பைச் சுத்தித்தானே போனனாங்கள். அப்ப கம்பிக்கு வெளியாலை நிண்டு பாத்தன். இப்ப உள்ளுக்கை, அதுவும் சம்பளத்தோடை. என்ரை மனிசன் மயிலிட்டி ஆள். அவரின்ரை காணி கனகாலம் ஆமியின்ரை கம்பிக்குள்ளை கிடந்து, நான் வெளிநாடு போறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் விட்டவை. நல்லூரிலை வாடகை வீட்டிலை இருந்துகொண்டு, அந்தக் காணியிலை ஒரு வீடு போட்டிட வேணும் எண்டுதான் நான் போனதே. "காணியை விட்டாங்கள், மனிசியைப் பிடிச்சுக் கம்பிக்குள்ளை போட்டிட்டாங்கள்" எண்டு அவர் போனிலை சொல்லிச் சிரிப்பார்.

போய் இறங்கின மறுநாளே நான் அந்தக் காம்பைக் கலக்கிப்போட்டன். அதைச் சொல்லத்தான் வேணும்.

விடிய எழும்பி வெளியாலை வந்தால் எங்கடை பெட்டியளுக்குப் பின்னாலை, கம்பி வேலி ஓரமா, மண் பரந்து கிடக்குது. தென்மராட்சி வெள்ளை மண்ணிலை பிறந்தவள் நான். மண்ணைக் கண்டால் எனக்குக் கை சும்மா இராது. அதுவும் அந்த மண் கிடந்த கோலம்! காத்துக்கு வந்த பொலித்தீன், பேப்பர், சிகரட் கட்டை. சீ, மனிசர் இருக்கிற இடமே எண்டு மனசுக்குள்ளை பேசிக்கொண்டு, சூட்கேசைத் திறந்து விளக்குமாத்தை எடுத்தன். எங்கடை ஊரிலை முத்தம் கூட்டுறவை கூட்டின மண்ணிலை காலை வைக்கமாட்டினம். முன்னுக்குக் கூட்டிக் கூட்டிப் பின்னுக்கு நடந்து வருவினம், தங்கடை தடத்தையும் தாங்களே அழிச்சுக்கொண்டு. நானும் அப்பிடியே ஒரு அந்தத்திலையிருந்து மற்ற அந்தமட்டும் கூட்டி முடிச்சன். காவல் கோபுரத்திலை நிண்டவன் வெளிப்பக்கம் பாத்துக்கொண்டு நிண்டபடியா என்னைக் காணேல்லை. விசிறி விசிறியா ஈர்க்குக் கோடு விழுந்து மண் வடிவாக் கிடந்தது. எனக்குப் புழுகம், சந்தோசம் தாங்கேல்லை. போய்ப் பிளேன்ரீ ஊத்திக் குடிச்சன்.

கொஞ்ச நேரத்திலை சங்கு ஊதினமாதிரி ஒரு சத்தம். துவக்கோடை ஓடுறாங்கள், ஜீப்பிலை வாறாங்கள், நாயைக் கொண்டு வாறாங்கள். எல்லாரையும் வரிசையிலை நிக்கச் சொல்லிப்போட்டினம். என்ன கோதாரியோ எண்டு நானும் நிண்டன். பேந்துதான் விளங்கிச்சுது. அந்த மண் சும்மா மண் இல்லையாம். ஆரும் வேலியாலை குதிச்சு வந்தாலோ, உள்ளுக்கையிருந்து ஆரும் வேலிக்குக் கிட்டப் போனாலோ, தடம் விழுந்து காட்டிக் குடுக்கிறதுக்கெண்டு விட்டு வைச்ச மண். ஒவ்வொரு நாளும் ஜீப்புக்குப் பின்னாலை பழைய டயர் ஒண்டைக் கட்டி இழுத்து அதை மட்டமாக்குவாங்களாம். அண்டைக்கு வந்து பாத்தால் மண் முழுக்க விசிறிக் கோடு, ஆனால் ஒரு தடமும் இல்லை. கால் இல்லாத ஆர் வந்து போனது எண்டு அவங்களுக்குப் பயத்திலை குலப்பன் பிடிச்சிட்டுது.

நான் கையைத் தூக்கி, "மீ" எண்டன். விளக்குமாத்தையும் தூக்கிக் காட்டினன்.

எங்கடை பகுதிப் பாதுகாப்புக்குப் பொறுப்பா இருந்தது ஒரு பொம்பிளைச் சார்ஜன். செம்பட்டை மயிர், வெயிலிலை வெந்து சிவந்த மூக்கு, வாய்க்குள்ளை எந்த நேரமும் சுவிங்கம். நாங்கள் மேடம் எண்டுதான் கூப்பிடுவம். அவ விளக்குமாத்தை வாங்கிப் பாத்தா, மண்ணைப் பாத்தா, என்னைப் பாத்தா. பிறகு சிரிச்சா பாருங்கோ, சுவிங்கம் வெளியாலை விழுந்திட்டுது. நான் புது ஆள், காம்புச் சட்டம் படிப்பிக்கிற வகுப்புக்கு இன்னும் போகேல்லை எண்டதாலை தப்பினன். அதுமட்டுமில்லை, டயர் இழுத்த மண்ணைவிட ஈர்க்குக் கோட்டிலை ஒரு கோழிக்குஞ்சு நடந்தாலும் தெரியும் எண்டு கண்டுபிடிச்சு, எங்கடை பக்கத்து மண்ணைக் கூட்டுற வேலையை என்னட்டையே தந்தா. விடிய முதல் வேலை அது. கூட்டுறதுக்கு முதல் முழுக்கப் பாக்க வேணும். தடம் கண்டால் கூட்டாமல் ஆளைக் கூப்பிட வேணும். இதுதான் கட்டளை.

என்னோடை ஒரே பெட்டியிலை இருந்தது ராத்தா. சொந்தக்காரி இல்லை. யாழ்ப்பாணச் சோனகதெருவிலை பிறந்த முஸ்லிம் மனிசி, என்னைவிட நாலைஞ்சு வயசு மூப்பு. அவையள் அக்காவை ராத்தா எண்டுதான் சொல்லுவினம், நானும் அப்பிடியே கூப்பிட்டன். அவ என்னைப் பிள்ளை எண்டுவா. அவவுக்கு உடுப்புத் தோய்க்கிற பகுதியிலை வேலை. நாள் முழுக்க நீராவிக்குள்ளை நிண்டு, பின்னேரம் வரேக்கை இடது காலை இழுத்துக்கொண்டு அவிஞ்ச கிழங்கு மாதிரி வருவா. மனிசன் செத்து, ஒரேயொரு மகள். மகள் கலியாணம் முடிச்சு யாழ்ப்பாணத்திலை, பழையபடி சோனகதெருவிலைதான் இருந்தாள். அவளின்ரை மாப்பிள்ளைக்கு நிரந்தரமான தொழில் இல்லை. ராத்தாவின்ரை கையாலைதான் அந்த வீடு ஓடிச்சுது.

நானும் ராத்தாவும் சண்டை பிடிக்காத நாள் இல்லை. வெள்ளிக்கிழமை நான் மரக்கறி, அவ அண்டைக்கெண்டு மெஸ்சிலையிருந்து கோழிப் பொரியல் கொண்டுவந்து பெட்டிக்குள்ளை வைச்சுச் சாப்பிடுவா. "மணம் மூக்காலை போனால் விரதம் முறியாது பிள்ளை" எண்டு நக்கல் வேறை. என்ரை விளக்குமாத்துச் சாத்திரத்துக்கும் முதலிலை சிரிச்சவதான். நான் வெளிக்கிட்ட அண்டைக்கு முத்தம் கூட்டவேண்டாம் எண்டு சொன்ன கதையைச் சொன்னன். சிரிச்சுக்கொண்டிருந்த மனிசிக்குச் சிரிப்பு நிண்டுபோச்சு.

"தொண்ணூறிலை இயக்கம் எங்கடை முஸ்லிம் ஆக்களை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்ன அண்டைக்கு எனக்கு விபரம் தெரிஞ்ச வயசு" எண்டா. "எல்லாரும் ஓடித் திரியினம். உம்மா மட்டும் நிண்டு வீட்டைக் கூட்டினா. ரெண்டு மூண்டு நாளிலை திரும்பி வரேக்கை வீடு துப்பரவாக் கிடக்கட்டும் எண்டு, முத்தமும் கூட்டி, பூட்டி, திறப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு வெளிக்கிட்டா. பிறகு புத்தளத்திலை அகதிக்கொட்டில்தான். நான் கூட்டினபடியாத்தான் திரும்பிப் போகக் கிடைக்கேல்லை எண்டு மவுத்தாகுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தா."

அண்டைக்குப் பிறகு விளக்குமாத்தைப் பற்றி நாங்கள் பகிடி விடுறேல்லை.

அந்த மண்ணிலை கால் வைக்கிறது எவ்வளவு பாரதூரம் எண்டதுக்கு ஒரு கதை இருக்கு. குசினியிலை வேலை செய்த ஒரு ஆள், பின்னேரம் கிரிக்கெட் அடிக்கேக்கை பந்து மண்ணுக்குள்ளை போக, எடுக்கிறதுக்கு ஓடிப்போனான். பந்தைத்தான் எடுத்தான், வேறையொண்டும் இல்லை. விசாரிச்சாங்கள், பாவம் எண்டு சொன்னாங்கள், மறுநாளே ரிக்கட்டும் குடுத்துப் பிளேனிலை ஏத்திப்போட்டாங்கள். பேரையும் எழுதி எல்லாக் காம்புக்கும் அனுப்பிப்போடுவாங்களாம், பிறகு அந்தப் பக்கத்திலை ஒரு காம்பிலையும் வேலை எடுக்கேலாது. பந்து எடுக்கப் போனவன் ஊருக்குப் போயிட்டான் எண்டு நாங்கள் கனநாள் சொல்லிச் சிரிச்சம். அந்தச் சிரிப்பு எங்கடை பெட்டிக்குள்ளையே வந்து நிக்கும் எண்டு ஆர் கண்டது.

ராத்தாவின்ரை மகள் வயித்திலை பிள்ளையோடை இருந்தாள். முதல் ரெண்டும் தங்கேல்லை. இந்தத் தரம் மாசம் ஏற ஏற ராத்தாவுக்குச் சாப்பாடு இறங்காது. உடுப்பு மடிக்கிற நேரம்கூட வாய் ஓதிக்கொண்டிருக்கும். பிள்ளை பிறக்கேக்கை பக்கத்திலை நிக்க வேணும் எண்டு லீவு கேட்டா. ஒப்பந்தம் முடியுமட்டும் லீவு இல்லை எண்டிட்டாங்கள். வேலையை விட்டிட்டுப் போறன் எண்டு கேட்டா. மாற்று ஆள் வருமட்டும் பொறு எண்டாங்கள், மாற்று ஆள் எப்ப வரும் எண்டு கேட்டால் தெரியாது எண்டாங்கள். பாஸ்போட் அவங்கடை கையிலை. நான் போய்க் கொம்பனிக்காரனோடை சன்னதம் ஆடினன். "உன்ரை மனிசி பிள்ளை பெறேக்கை தாய் பக்கத்திலை நிக்கேல்லையே?" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை கேட்டன். அவன் கொம்பியூட்டரைப் பாத்துக்கொண்டு தலையை ஆட்டினான். கல்லோடை கதைச்சிருந்தால் கொஞ்சமெண்டாலும் சூடு ஏறியிருக்கும்.

போன் கதைக்கிறதும் லேசில்லை. அதுக்கெண்டு ஒரு அறை, அதுக்கெண்டு ஒரு நேரம். மற்ற நேரம் பெட்டியளுக்குள்ளை சிக்னல் ஒரு கோடும் காட்டாது. வேலி ஓரத்திலை மட்டும், வெளி ஊரின்ரை போன் கோபுரத்திலையிருந்து கொஞ்சம் வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன, இடையிலை என்ரை மண் கிடக்குதே.

ஒருநாள் விடிய விளக்குமாத்தோடை போய் வழமை மாதிரி மண்ணைப் பாத்துக்கொண்டு நடந்தன். எங்கடை பெட்டிக்கு நேரை வந்ததும் கால் நிண்டிட்டுது. மண்ணிலை தடம். சிலிப்பர்த் தடம், வேலி வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கு. இடது கால் கொஞ்சம் இழுபட்டு, ஒரு பக்கம் தேஞ்ச சிலிப்பர். எனக்கு வேறை சாட்சி வேணுமே? யாழ்ப்பாண ரவுணிலை வாங்கி, வார் அறுந்து, ஊசி குத்திப் போட்டுக்கொண்டு திரிஞ்ச ராத்தாவின்ரை சிலிப்பர்தான். வேலிக்குக் கிட்ட மண் உழக்குப்பட்டுக் கிடந்தது. அந்த இடத்திலை அவ கனநேரம் நிண்டிருக்கிறா, ஒரு காலிலை நிண்டு மறு காலை மாத்தி நிண்டிருக்கிறா. காவல் கோபுரத்தைப் பாத்தன். துவக்கோடை நிக்கிறவன் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டான்.

பெட்டிக்குள்ளை போனன். ராத்தா தொழுகைப் பாயை மடிச்சுக்கொண்டிருந்தா.

"உங்கடை காலை ஒருக்காக் காட்டுங்கோ."

காலைப் பாவாடைக்குள்ளை இழுத்தா.

"உங்களுக்கு விசரே ராத்தா? அவன் கண்டிருந்தால் வெடி வைச்சிருப்பான்! ஆரெண்டு கேட்டுப்போட்டே சுடுவான்? இருட்டுக்குள்ளை என்னத்துக்குப் போனனீங்கள்?" பேசினன் எண்டால் வாயிலை வந்ததெல்லாம் பேசினன். பயம் வந்தால் எனக்குக் கோவமாத்தான் வரும்.

அவ அழுதுகொண்டு சொன்னா. "விடிய முதல், சுபஹ் தொழுகைக்கு எழும்பினாப்போலை போனன் பிள்ளை. என்னாலை ஏலாமல் போச்சு. மகளை ஆஸ்பத்திரியிலை மறிச்சுப்போட்டாங்களாம். பிறசர் ஏறிட்டுது. ரெண்டொரு நாளிலை வெட்டி எடுக்கவேணுமாம். அவள் வேறையொண்டும் சொல்லேல்லை. 'உம்மா வாங்கோ, உம்மா வாங்கோ' எண்டு அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்."

நான் கட்டில் விளிம்பிலை இருந்தன். அப்பத்தான் அந்தப் பந்து எடுக்கப் போனவன் ஞாபகத்துக்கு வந்தான். லீவு கேட்டவைக்கு லீவு இல்லை. விட்டிட்டுப் போறன் எண்டவவையும் விடேல்லை. ஆனால் மண்ணிலை கால் வைச்சவனை மறுநாளே ஊருக்கு அனுப்பினவங்கள். இதை ஏன் நான் முந்தியே யோசிக்கேல்லை!

"ராத்தா, இஞ்சை பாருங்கோ, அழாமல் கேளுங்கோ" எண்டன். "நான் இப்ப போய்க் கூட்டினால் ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. நீங்கள் வேலையோடை இருப்பீங்கள். கூட்டாமல் விட்டால் உங்களை அனுப்பிப்போடுவாங்கள். நாளைக்கே பிளேன். மகளிட்டைப் போய்ச் சேருவீங்கள். ஆனால் அதோடை இந்த வேலை சரி. இனி ஒரு காம்பிலையும் எடுக்கமாட்டாங்கள். வெயில் ஏறினால் ஜீப் வந்திடும். கெதியாச் சொல்லுங்கோ. கூட்டவா, விடவா?"

அவ என்னைப் பாத்தா. அந்தப் பார்வையை என்னாலை மறக்கேலாது. அந்த வேலை இல்லாட்டி அவவின்ரை வீட்டிலை உலை ஏறாது, அது எனக்கும் தெரியும். சுவரிலை மகளின்ரை கலியாணப் படம் ஒட்டியிருந்தது. அதைக்கூட அவ பாக்கேல்லை. குனிஞ்சு அந்தச் சிலிப்பரைத்தான் பாத்துக்கொண்டிருந்தா.

"என்னைக் கள்ளி எண்டு எழுதுவாங்களே?"

"எழுத விடமாட்டன். அதுக்கு நான் இருக்கிறன்."

"அப்ப விடு பிள்ளை" எண்டா. "விடு."

நான் போய் மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்தன். என்ரை வேலை காட்டுறது, காட்டினன். விளக்குமாத்து நுனியாலை ஒவ்வொரு தடமாத் தொட்டுத் தொட்டுச் சொன்னன்: "இது போன கால். இது திரும்பி வந்த கால். இஞ்சை நிண்டு கதைச்சது. மகள் ஆஸ்பத்திரியிலை, பிள்ளைப்பேறு. தாய் போன் கதைச்சவ. அவ்வளவுதான். கள்ளம் ஒண்டும் இல்லை. கள்ளி எண்டு நீங்கள் எழுதினால் நானும் இந்த மண்ணிலை இறங்கி நடப்பன், என்னையும் அனுப்புங்கோ." இங்கிலீசு பாதி, கை கால் பாதி. ராத்தா பக்கத்திலை போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

மேடம் ராத்தாவின்ரை போனை வாங்கிப் பாத்தா. எப்ப வெட்டுறது எண்டு கேட்டா. சொன்னம். சுவிங்கத்தைத் துப்பிப்போட்டு வேலியை ஒருக்காப் பாத்தா. பிறகு சட்டம் சட்டம்தான் எண்டு சொல்லி ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போனா. எங்கடை திட்டம் அவவுக்கு விளங்கினதோ இல்லையோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது. விளங்கியிருக்கும் எண்டுதான் நினைக்கிறன். பந்து எடுத்தவனுக்கு மறுநாள் வரைக்கும் இழுபட்ட அலுவல், ராத்தாவுக்கு மத்தியானத்துக்கு முதலே முடிஞ்சுது. அனுப்புற கடுதாசியிலை காரணம் எண்ட இடத்திலை, வீட்டுக்குப் போன் கதைக்க மண்ணிலை நடந்தவ எண்டு மட்டும்தான் போட்டிருந்தது.

பின்னேரம் வான் வந்து நிண்டுது. ராத்தா சாமான் கட்டின விதத்தை நான் என்னெண்டு சொல்ல. பேரீச்சம்பழப் பக்கற்றை வைக்கிறா, எடுக்கிறா, குழந்தைக்கெண்டு வாங்கி வைச்ச சின்னச் சட்டையை மணந்து பாக்கிறா. என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுபோட்டு, சூட்கேசை இழுத்துக்கொண்டு, அந்த இடது காலை இழுத்து இழுத்து வானுக்கு நடந்தா. ஏறினாப்போலை திரும்பிப் பாத்துச் சத்தம் போட்டா.

"பிள்ளை! கூட்டிப்போடாதை!"

நான் ஏன் கூட்டுறன்! வேலி ஓர மண்ணைக் கூட்டினன், அது என்ரை கடமை, அதிலை நான் விளையாடமாட்டன். ஆனால் எங்கடை பெட்டி வாசலிலையிருந்து வான் நிண்ட இடம்மட்டும் ஒரு ஈர்க்கு படேல்லை. பின்னேரக் காத்து எழும்பிச்சுது. காத்துக்கு ஆர் சொல்லுறது? மண் பறக்கப் பறக்க ஒவ்வொரு தடமா அழியுது. ஓடிப்போய் உடுப்பு ஊறப்போடுற பிளாஸ்டிக் பேசினை எடுத்துக்கொண்டு வந்து, வாசலுக்குக் கிட்டக் கிடந்த ஒரு தடத்துக்கு மேலை கவிட்டு, கல்லும் வைச்சன். அதுக்குப் பக்கத்திலை, கக்கூசு கழுவேக்கை வைக்கிற அந்த மஞ்சள் பலகையைக் கொண்டுவந்து வைச்சன். நிலம் ஈரம், வழுக்கும் எண்டு எழுதின பலகை. மழை கண்ணாலை காணாத பாலைவனத்திலை!

ஆனால் ஆமிக்காரர் பலகைக்குக் கட்டுப்படுவாங்கள் பாருங்கோ. வாறவன் போறவன் எல்லாம் சுத்திக்கொண்டுதான் போனாங்கள். பேசினுக்குள்ளை தேள் பிடிச்சு வைச்சிருக்கிறன் எண்டு ஒருத்தன் கதை கட்டிவிட்டிட்டான். நான் இல்லையெண்டும் சொல்லேல்லை.

மறுநாள் விடிய மேடம் வந்து நிண்டா. பலகையைப் பாத்தா. "இஞ்சை என்ன ஈரம்?" எண்டு கேட்டா.

"ஈரம் இல்லை மேடம். ஆள் இன்னும் வழியிலை. போய்ச் சேருமட்டும் நான் இஞ்சை கூட்டமாட்டன்."

"பேசினைத் தூக்கு."

தூக்கினன். ஒரேயொரு தடம். தேஞ்ச பக்கம், ஊசி குத்தின இடத்திலை ஒரு சின்னப் புள்ளி, எல்லாம் அப்பிடியே கிடந்தது. மேடம் குந்தியிருந்து பாத்தா. எனக்குத் தலையை வெட்டினாலும் பரவாயில்லை எண்டு விளக்குமாத்தை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அவ என்ரை கையிலையிருந்து பேசினை வாங்கி, மெல்லமா, தானே கவிட்டு வைச்சா. கல்லையும் எடுத்து மேலை வைச்சா. எழும்பிப் போயிட்டா.

அதுக்கு அடுத்தநாள்தான் போன் அறையிலை எனக்கு ராத்தாவின்ரை குரல் வந்தது. கட்டுநாயக்கா எயார்போட்டிலை இறங்கி, பஸ்சிலை ஏறி, வழி நெடுக நிண்டு வந்து, உடுப்பும் மாத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறா. அதுக்குள்ளை வெட்டி எடுத்திட்டினம். பெண் பிள்ளை. "மகள் கண் முழிக்கேக்கை நான் பக்கத்திலை நிண்டன் பிள்ளை" எண்டா. "உம்மா எண்டாள். ஓம் மகள், நான்தான் எண்டன்." பின்னாலை ஒரு குழந்தை கத்திற சத்தம் கேட்டுது. சும்மா கத்தில்லை, காம்புச் சங்கு தோத்துப்போகும்.

நான் வந்து பேசினைத் தூக்கிப்போட்டு வாசலைக் கூட்டினன். விக்கி விக்கி அழுதுகொண்டு கூட்டினன். வெக்கமென்ன, சந்தோசத்துக்கும் ஆக்கள் அழுகிறவைதானே.

ஒப்பந்தம் முடிஞ்சு நான் ஊருக்கு வந்திட்டன். மயிலிட்டியிலை வீடு எழும்பிட்டுது, கூரையும் போட்டாச்சு. முத்தத்து மண் மட்டும் இன்னும் சரிவரேல்லை, எங்கை கிண்டினாலும் சீமெந்துக்கட்டிதான் வருது. போன கிழமை ராத்தாவைப் பாக்கச் சோனகதெருவுக்குப் போனன். பெருநாளுக்கு வட்டிலப்பம் ஓடர் எடுக்கிறா, தையல் மிசின் ஒண்டு வைச்சிருக்கிறா, மருமகன் சந்தையிலை ஒரு கடையிலை நிக்கிறான். கஷ்டம்தான். அவவின்ரை கழுத்திலை முந்திக் கிடந்த சங்கிலியைக் காணேல்லை. எனக்கு அது கண்ணிலை குத்திக்கொண்டே இருந்தது. பொறுக்கேலாமல் கேட்டுப்போட்டன்.

"அண்டைக்கு நான் கூட்டியிருக்க வேணும் எண்டு எப்பவாவது நினைச்சனீங்களே ராத்தா?"

"நினைக்காமல்? கறண்ட் பில் வாற ஒவ்வொரு மாசமும் நினைப்பன்" எண்டிட்டுக் குசினிக்குள்ளை தேத்தண்ணி ஊத்தப் போனா. அந்த மனிசிக்கு என்னட்டைப் பொய் சொல்ல வராது. எனக்கு முகம் செத்துப்போச்சு.

அந்த நேரம் பாத்துக் கிணத்தடியிலையிருந்து பேத்தி ஓடி வந்தாள். குளிக்க வாக்கேக்கை தாயின்ரை கையாலை நழுவி, உடம்பிலை ஒரு துணியில்லாமல், தண்ணி சொட்டச் சொட்ட, சிவப்புச் சீமெந்து நிலத்திலை குடுகுடெண்டு ஓடி வந்து, முன்பின் தெரியாத என்ரை மடியிலை ஏறி இருந்திட்டாள். என்ரை சீலையெல்லாம் ஈரம். வாசலிலையிருந்து என்ரை கதிரைமட்டும் சின்னச் சின்ன ஈரத் தடம், அஞ்சு விரலும் தெரியுது. பின்னாலை ஓடி வந்த மகள், "ஐயோ அன்ரி, வழுக்கிப்போடும்" எண்டு சொல்லி, மூலையிலை கிடந்த துணியை எடுத்துத் துடைக்கக் குனிஞ்சாள்.

ராத்தா தேத்தண்ணியோடை குசினி வாசலிலை நிண்டா. நிலத்தைப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா.

"விடு மகள்" எண்டா. "அது தானாய்க் காயும். விடு."